சூஜென்னின் வெளுத்த முகம்

எங்கள் தெருவில் அவளைச் சூஜென் அக்கா என்று கூப்பிட்டது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் அவள் கரிக்கட்டி.

"கரிக்கட்டி, டீ எங்க?"

"கரிக்கட்டி, நூடுல்ஸ்ல மிளகாய் பத்தல, உன் கையைக் கழுவி ஊத்தினியா?"

அப்பன் நிலக்கரித் தூளைக் களிமண்ணோடு பிசைந்து, துளை போட்டு அடுப்புக்கரி செய்து விற்றவன். பெண்ணும் கருப்பாகப் பிறந்தது. ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. மிச்சக் கரியில் பிடித்து வைத்த பிள்ளை என்றார்கள். குவாங் தெஷுன் அவளைக் கட்டிக்கொண்ட அன்று, விருந்து மேசையில் பாக்கை மென்றுகொண்டே, "விளக்கை அணைச்சா எல்லாப் பொண்ணும் ஒரே நிறந்தான்" என்றானாம். கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். இதை எனக்குச் சொன்னவள் சூஜென்தான். சொல்லும்போது அவளும் சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. என் புருஷன் கோல் ஊன்றி நடப்பவர். "ஏ பெய்ஃபென், உன் மூணு கால் மாப்பிள்ளை வராரு பாரு" என்று தெருவே கேட்கக் கத்துவாள். மறுநாள் அவருக்கென்று தனியாக வாத்து வறுத்து எடுத்துக்கொண்டு வருவாள். அப்படி ஒரு பிறவி. ஹூனான்காரர்கள் நாங்கள் எல்லாருமே இப்படித்தான். மிளகாய் தின்கிற வாயில் தேனா ஒழுகும்?

என் முடிதிருத்தும் கடைக்கு அடுத்த கதவு அவர்களுடைய மாஜாங் கூடம், காய் அடுக்கிக் காசு வைத்து ஆடுகிற இடம். நான்கு மேசை. காய்களைக் கலைத்து அடுக்கித் தருகிற மெஷின் மேசைகள். காலையிலேயே கடகடவென்று சத்தம் தொடங்கிவிடும். குவாங் அங்கே முதலாளி என்று பெயர். வேலை என்னவோ உட்கார்ந்து ஆடுவதுதான். டீ ஊற்றுவது, சமைப்பது, பாக்குச் சக்கையைக் கூட்டி அள்ளுவது எல்லாம் அவள்.

போன வசந்தத்தில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்தால் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். பித்தப்பையில் கல், பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சாங்ஷாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்துவிடுகிறார்கள்; காலையில் போனால் சாயங்காலம் வீடு. குவாங்குக்கு இந்தச் செய்தி கேட்டதும் முகமெல்லாம் பல்.

"அப்பாடா! ஆட்டம் நிக்காது" என்றான்.

அப்படியே போனாள், அப்படியே வந்தாள். மீதியைப் போன் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் முகத்தையும் காயத்தையும் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். அன்றைக்கு அதே அறுவை செய்துகொண்டு வீடு திரும்பியவர்கள் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அப்புறம் ஷென் என்கிற சின்னப் பெண், நர்ஸ், ஒவ்வொருவரையும் வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு, தேவைப்பட்டால் டாக்டர் லூவோவிடம் காட்டுவாள். நல்ல ஏற்பாடுதான். மலையும் ஆறும் தாண்டி எந்த நோயாளி தினம் சாங்ஷாவுக்குப் போய்க்கொண்டிருக்க முடியும்? நான் அதைக் குறை சொல்லமாட்டேன். என் அத்தை மகனுக்குக் குடலிறக்கம் அறுத்தபோது போனில் பார்த்துத்தான் சீழ் பிடித்ததைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் எங்கள் ஊர்ப் போன்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஃபில்டர் கூடவே பிறந்தது. கேமராவைத் திறந்தாலே கன்னம் ஒட்டும், கண் பெரிதாகும், தோல் பால் மாதிரி வெளுக்கும். அதை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை. ஃபில்டர் போடாமல் ஒருத்தியைப் படம் எடுத்தால் அது இங்கே சண்டைக்கு இழுப்பது மாதிரி. சூஜென்னுக்கு அவள் மகன் ஷென்ஷென் நகரத்திலிருந்து அனுப்பிய போன் அது. வெளுப்பை உச்சத்தில் வைத்தே அனுப்பியிருந்தான். அம்மாவுக்குச் செய்த உபகாரம்!

முதல் நாள் படத்தைப் போட்டதும் நர்ஸ் ஷென்னிடமிருந்து குரல் பதிவு வந்தது. "அடடா, சூஜென் அக்கா, முகம் எவ்ளோ தெளிவா இருக்கு! உங்க தோலைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்குக்கா." கூடவே பாலர் பள்ளியில் கொடுப்பது மாதிரி ஒரு சிவப்புப் பூப் படம். நன்றாகத் தேறி வருகிறவர்களுக்கு அந்தப் பெண் தினமும் குழுவில் பூ போடுவாள்.

சூஜென் போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தாள். வயிற்றில் தையலோடு ஓடி வருகிறாள், பைத்தியம்!

"பெய்ஃபென், இதைக் கேளு, கேளு." அதே குரலை மறுபடி மறுபடி போட்டுக் காட்டினாள். "தோலாம்! என் தோலாம்!"

"ஃபில்டர்க்கா அது."

"தெரியாதா எனக்கு? நான் என்ன குருடா?" என்றாள். பிறகு குரல் தாழ்ந்துபோயிற்று. "இருந்தாலும் அவ என்னப் பாத்துத்தானே சொன்னா."

ஐம்பது தாண்டிய பொம்பளை. பிறந்ததிலிருந்து அவளை அழகு என்று யாரும் சொன்னதில்லை. நான் என்ன சொல்வது?

அதன் பிறகு காலையில் அவளுக்கு அதுதான் வேலை. என் கடைக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவாள், சட்டைக் கழுத்தைச் சரி செய்வாள், ஜன்னல் பக்கம் திரும்பிப் படம் எடுப்பாள். படம் எடுக்கும்போது ஃபில்டரை அணைக்கச் சொல்லி ஷென் குழுவில் எழுதியிருந்தாள். சூஜென் அதைப் படிக்காமல் இல்லை. "அதெல்லாம் சும்மா எழுதறது. அந்தக் குண்டுக் கிழவன் கூட முயல் காது வச்சுப் படம் போடறான்" என்றாள். உண்மைதான், அந்த ஆள் முயல் காதோடுதான் இருந்தான்.

பிறகுதான் அவள் மஞ்சளாக ஆரம்பித்தாள்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டோம். பையை எடுத்தபோது ஒரு கல் நழுவிப் பித்தக் குழாயில் போய் உட்கார்ந்துவிட்டது. அது யார் தப்பும் இல்லை, சிலருக்கு அப்படி ஆகுமாம். பித்தம் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், உடம்பு அரிக்கும், சிறுநீர் கறுத்த டீ மாதிரி போகும். அதைக் கண்டதும் கொண்டுபோனால் வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்துவிடுவார்கள். விட்டுவிட்டால் சீழ் பிடித்து உயிர் போகும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பெண் தினமும் முகத்தைக் காட்டச் சொன்னது. முகமோ அங்கே பாலாக இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிட்டார்கள்.

தெருவில் மட்டும் எல்லாருக்கும் அவள் நிறம் தெரிந்தது. எங்கள் கண்ணுக்கு ஃபில்டர் இல்லையே. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். ஒருவராவது ஐயோ என்றார்களா? ஆணிக்கடை நியே இருக்கிறானே, மாஜாங் மேசையில் எந்நேரமும் பழிகிடப்பவன், அவன்தான் தொடங்கினான்.

"டேய் குவாங், உன் பொண்டாட்டிக்குப் பதவி உயர்வு வந்துடுச்சுடா! கருப்புலேருந்து மஞ்சளுக்கு வந்துட்டா. இப்பத்தான் நம்ம சீனாக்காரி ஆயிருக்கா!"

மேசை அதிர்ந்தது. குவாங் சிரித்துச் சிரித்து இருமினான்.

"இத்தன நாளா வெளிநாட்டுக்காரியோட குடும்பம் நடத்தினேன்னு சொல்லு" என்றான்.

சூஜென் டீக் குவளையை நியே முன்னால் டொக்கென்று வைத்தாள். "உன் மூஞ்சி பன்றி ஈரல் நிறத்துல இருக்கு, அதுக்கு எந்த நாடுன்னு கேட்டுச் சொல்லு" என்றாள். மற்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள். அவள் கை மட்டும் முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தது.

நான் விடவில்லை. "அக்கா, கண்ணைப் பாருக்கா. எனக்குப் பயமா இருக்கு. ஃபில்டரை எடுத்துட்டு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவை காட்டேன்" என்றேன்.

"உன் கடை விளக்கு மஞ்சள்."

"வெளிய வா, வெயில்ல பாப்போம்."

"போடி!" என்றாள். "டாக்டர் பாத்து நல்லா இருக்குன்னு சொல்றாரு. நீ சொல்றதக் கேக்கணுமா? இன்னைக்கும் பூ வந்திருக்கு, பாரு."

குவாங்கிடம் போய்ச் சொன்னேன். அவன் கண்ணை மேசையிலிருந்து எடுக்கவில்லை. "பெய்ஃபென் தங்கச்சி, பெரிய ஆஸ்பத்திரி தினம் பாக்குது. நீ முடி வெட்டு போ" என்றான். அன்றைக்கு அவன் மண்டையை வெட்டியிருக்க வேண்டும், முடியை அல்ல.

ஷென் கேள்வி கேட்காமலும் இல்லை. வீடியோவில் கேட்டாள், என் காதாலேயே கேட்டேன். "அக்கா, உடம்பு அரிக்குதா? சிறுநீர் என்ன நிறத்துல போகுது? மலம் வெளுத்துப் போகுதா?" ஆனால் எங்கே வைத்துக் கேட்டாள்? மாஜாங் கூடத்தில், ஒலிபெருக்கியில். சூஜென்னுக்குக் கை ஓயாது. போனைக் கெட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஆம்பளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நியே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு கரிக்கட்டி, எங்களுக்கும் தெரியணும்" என்றான்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல" என்றாள் சூஜென்.

ஒரு பொம்பளை வேறு என்ன சொல்வாள்?

ஒரு வாரத்துக்குள் சோறு இறங்கவில்லை. மத்தியானத்தில் நடுக்கம் வந்தது. அந்தப் புழுக்கத்தில் பஞ்சு வைத்துத் தைத்த குளிர்காலச் சட்டையைப் போட்டுக்கொண்டு டீ ஊற்றினாள். அந்தச் சமயத்தில்தான் ஷென் ஒரு சந்தோஷச் செய்தி சொன்னாள். வெளியூர் மருத்துவமனைகளிலிருந்து பெரிய டாக்டர்கள் வரப்போகிறார்கள். நோயாளிகள் வீட்டிலேயே எப்படித் தேறுகிறார்கள் என்று அவர்களுக்குத் திரையில் காட்ட வேண்டும். சூஜென் அக்காவைத்தான் காட்டப்போகிறோம். "நீங்கதான் எங்க குழுவுலயே அழகா தேறின ஆளு, அக்கா" என்றாள்.

அன்று காலையில் சூஜென் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. தொட்ட என் கையே சுட்டது.

"இன்னைக்கு வேணாம்க்கா. சாங்ஷாவுக்கு நேரா போயிடுவோம். நானே கூட வரேன்."

"பேசி முடிச்சுட்டுப் போவோம்" என்றாள். "சத்தியமா வரேன். இது ஒண்ணு மட்டும் முடியட்டும். எத்தன பேர் பாப்பாங்க தெரியுமா? நல்லா சுருட்டி விடுடி."

வரேன் என்றாளே, அது போதும் என்று சுருட்டிவிட்டேன். நடுங்குகிற தலையைப் பிடித்துக்கொண்டு சுருட்டினேன்.

கூடத்தின் நடுமேசையில் போனை வைத்தார்கள். ஆட்டம் நின்றது, எல்லாரும் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். திரையில் ஒரு பெரிய அறை, கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் லூவோ முன்னால் நின்றார். மூலையில் சின்னக் கட்டத்தில் சூஜென், மணப்பெண் மாதிரி வெள்ளை வெளேரென்று.

"பாருங்க, இவங்க வீட்டுக்குப் போன அன்னைலேருந்து ஒரு தடவை கூட இங்க வரவேண்டிய அவசியமே ஏற்படல" என்றார் டாக்டர். "அக்கா, எப்படி இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன், டாக்டர்."

அங்கே கை தட்டினார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அதைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் பயம் அடங்கிவிட்டது.

நியேக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரை ஏமாத்தாத கரிக்கட்டி! ஒரிஜினல் சரக்கக் காட்டு!" என்று கத்திக்கொண்டே கையை நீட்டிப் போனில் ஒரு தட்டுத் தட்டினான்.

ஃபில்டர் போய்விட்டது.

கட்டத்தில் இருந்தவள் ஒரு நொடியில் மாறினாள். மஞ்சளும் கருப்புமாக ஒரு முகம், குழிந்த கன்னம், மஞ்சள் கண். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. குவாங் மேசையைத் தட்டிச் சிரித்தான். திரையில் டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"கண்ண காட்டுங்க! கிட்ட வாங்க! கண்ண, கண்ண!" என்று அவர் கத்தினார்.

நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. சிரிப்புச் சத்தத்தில் அவளுக்கு அவர் கத்துவது மட்டும்தான் தெரிந்தது. தன் முகத்தைப் பார்த்துத்தான் டாக்டரும் அலறுகிறார் என்று நினைத்துவிட்டாள். கூனிக் குறுகிப்போய்ப் போனை அணைத்தாள். எழுந்து பின்கட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, கதவத் திற. டாக்டர் உன்னத் திட்டல. கண்ணப் பாக்கணும்னுதான் கேட்டாரு. திறக்கா!"

"போ பெய்ஃபென்." அழுகை கூட இல்லை அந்தக் குரலில். "எத்தன பேர் பாத்தாங்க. போயிடு."

கூடத்தில் மறுபடி காய்கள் கலையும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து பார்த்தால் குவாங் ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் போன் மேசை விளிம்பில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"கதவ உடை!" என்றேன்.

"அவளுக்கு வெக்கம் தெளிஞ்சா தானா வருவா. இப்பதான் நல்ல காய் வந்திருக்கு, சும்மா இரு."

நான் அவன் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். ஷென். மூச்சு வாங்கப் பேசினாள். "சூஜென் அக்கா வீட்டுக்காரரா? அவங்கள உடனே கூட்டிட்டு வாங்க, இந்த நிமிஷமே! அவங்களுக்கு மஞ்ச காமாலை! நாங்க வாசல்லயே நிக்கறோம்!"

ஒலிபெருக்கியில் போட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு மேசையாக மெஷின் நின்றது.

நாங்கள் கதவை உடைத்தபோது அவள் தரையில் சாய்ந்து கிடந்தாள். பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தாள். வேன் வைத்திருந்தவன் நியே. அவன்தான் ஓட்டினான். போகிற வழியெல்லாம் பாக்கு கூடப் போடவில்லை. குவாங் முன்னால் உட்கார்ந்து, "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். பின்னால் அவள் தலை என் மடியில் இருந்தது. நினைவு வந்து வந்து போயிற்று.

"சுருள் கலைஞ்சுடுச்சா?" என்று ஒரு தரம் கேட்டாள்.

"இல்லக்கா, அப்படியே இருக்கு" என்று பொய் சொன்னேன்.

மருத்துவமனை வாசலில் ஆட்கள் தள்ளு கட்டிலோடு நின்றார்கள். வேனிலிருந்து அவளைத் தூக்கிப் படுக்க வைத்தோம். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கலாம், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஷென்தான். டாக்டர் கத்தியபோது இந்தப் பெண் திரைக்குப் பின்னால் இருந்தாளாம், அந்த மஞ்சள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் கட்டிலைத் தாண்டி வேனுக்குப் போனாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி.

"சூஜென் அக்கா எங்க? எங்க அவங்க?"

"இங்கதானே இருக்கா! இவதான்!" என்று கத்தினேன்.

அவள் வந்து கட்டிலில் பார்த்தாள். போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்தாள்.

"இல்லீங்க, இவங்க இல்ல" என்றாள், பதறிப்போய். "எங்க அக்கா நல்ல வெள்ளையா இருப்பாங்க."

சூஜென் கண் திறந்திருந்தது. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் கேட்ட குரல் அல்லவா. போர்வையிலிருந்து கையை எடுத்து அவளுடைய வெள்ளைக் கோட்டின் நுனியைத் தொட்டாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றாள். "உன்ன ஏமாத்திட்டேன். நான் இதுதான்."

அதன் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.